கிறீன்லாந்து இறாலுக்கு ஒரு கடிதம்

இறால் விசயமாக வெளிநாடு போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அகதியாகப் போயிருக்கிறேன். கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் போயிருக்கிறேன். கோட்டுப் போட்டு, கக்கத்தில் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டு, அதிகாரிகளிடம் நியாயம் கதைக்கப் போனது இதுதான் முதல் தடவை. கோட்டு என்னுடையதில்லை, மகனுடையது. தோளில் கொஞ்சம் தொங்கியது.

விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் இறால் பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் மேற்பார்வையாளன். எங்களுக்கு வருவது கிறீன்லாந்துக் கடலில் பிடித்து, அவித்து, உரித்து, உறையவைத்த சின்ன இறால். அதை இளக்கி, பெல்ட்டில் ஓடவிட்டு, தப்பிக் கிடக்கும் ஓட்டுத் துண்டுகளைக் கையால் பொறுக்கி, பைகளில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவோம். பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி என் மனைவி வாசுகி. பெல்ட்டில் நான் அவளுக்கு மேலதிகாரி, வீட்டில் நிலைமை வேறு.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் அந்த இறாலுக்கு இறக்குமதி வரி விழுந்தது. கிறீன்லாந்து டென்மார்க்கின் முடிக்குக் கீழே இருக்கிறது, ஆனால் ஒன்றியத்துக்குள் இல்லை. ஆகவே மற்றவர்களுக்குக் கிடைத்த சலுகை அதற்குக் கிடைக்கவில்லை. எங்கள் முதலாளியம்மா ஹெலன் லண்டனில் ஏறி இறங்காத படி கிடையாது. கடைசியில் ஓர் அதிகாரி மனமிரங்கி ஒரு வழி சொன்னார். இந்த ஒரு சரக்குக்கு மட்டும் வரியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம், ஆனால் அதைக் கிறீன்லாந்து அரசாங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்கச் சொல்லிக் கேட்கத்தான் நாங்கள் கொப்பன்ஹேகனுக்குப் போனோம். கிறீன்லாந்துக்கு அங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது.

மாத முடிவுக்குள் அந்தக் கடிதம் வராவிட்டால் பெல்ட்டை நிறுத்துவதாக ஹெலன் எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட்டாள். பெல்ட் நின்றால் வாசுகி வீட்டில். பொறுக்க ஆள் இல்லாத இடத்தில் மேற்பார்வை எதற்கு, நானும் வீட்டில். ஒரே கூரைக்குள் இரண்டு சம்பளமும் ஒரே இறாலில் தொங்கிக்கொண்டிருந்தன. "பேப்பரில் இருப்பதை நான் பேசுகிறேன், உன் கையை அவர்கள் பார்க்கட்டும்" என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள் ஹெலன்.

திங்கட்கிழமை போய் இறங்கியதும் ஹெலன் ஹோட்டலுக்குப் போனாள். நான் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் என் மச்சான், வாசுகியின் அண்ணன் சிவநேசன் வீட்டுக்கு ரயில் ஏறினேன். பயணப்பெட்டியோடு வசதியாக நிற்க இடம் இருக்கிறதே என்று ஏறிய ரயில்பெட்டி சைக்கிள்களுக்கானது. அடுத்த நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு கதவில் இருந்த சைக்கிள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி என் பெட்டியைப் பார்த்தார்கள். எங்கள் ஊர் கொண்டக்டர் என்றால் இரண்டு ஏச்சோடு காரியம் முடிந்திருக்கும். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் நடுவழியில் இறங்கி அடுத்த ரயிலில் போனேன்.

மச்சான் முப்பது வருடத்துக்கு மேலாக டென்மார்க்கில் இருக்கிறான். கொம்யூன, அதாவது அந்த ஊர் நகரசபை, நடத்தும் முதியோர் இல்லத்தில் வேலை. மனைவி அன்று பின்னேர வேலையில் நின்றதால் தானே சமைத்து வைத்திருந்தான். மூடியைத் திறந்தால் இறால் குழம்பு.

"உனக்காண்டித்தான் மச்சான். விசாரிச்சு நல்ல சாமானா வாங்கினது."

நான் பத்தொன்பது வருடமாக இறாலோடு குடும்பம் நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டிறைச்சி தேடி அலைகிறவன். ஆனால் அன்புக்கு முன்னால் என்ன செய்வது. புட்டோடு பிசைந்து சாப்பிட்டேன். உறைப்பு நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்கு நடுவில் மச்சானின் மகள் ஆரணி வேலை முடிந்து வந்தாள். அங்கேயே பிறந்த பிள்ளை, சட்டம் படித்து ஒரு அமைச்சில் வேலை பார்க்கிறாள். எந்த அமைச்சு என்று எழுதமாட்டேன், அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்ய வேண்டும். தகப்பனோடு டெனிஷிலும் என்னோடு தமிழிலும் ஒரே மூச்சில் கதைத்தாள். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டாள்.

மச்சான் என்னிடம் கேட்டான்: "வியாழக்கிழமை சந்திக்கிற ஆள் ஆர்?"

"கிறீன்லாந்து ஒபிசில வர்த்தகம் பாக்கிறவ. நயா எண்டு பேர். ஹெலன் ரெண்டு மாசமா எழுதித்தான் இந்த நேரத்தை எடுத்தவ."

"அவ சின்ன ஆளாயிருக்கும். இப்பிடியான அலுவலெல்லாம் மேலேருந்து ஒரு சொல்லு வந்தாத்தான் அசையும். கிறீன்லாந்து ஆருக்குக் கீழ? டென்மார்க்குக்குக் கீழ. எங்கட பிள்ளை எங்க இருக்கிறா? டென்மார்க் மினிஸ்ரியில. பிறகென்ன?"

ஆரணி சாப்பிடுவதை நிறுத்தினாள். "அப்பா, அப்பிடிச் செய்யிறேல்ல. மாமா, கிறீன்லாந்து ஆக்களுக்குத் தங்கட மீன் தங்கட கையில. அதுக்குள்ள எங்கட ஒபிஸ் கதைக்கிறேல்ல."

"கதைக்கச் சொல்லி ஆர் சொன்னது? உன்ர பொஸ் அவவுக்கு ரெண்டு வரி எழுதினாக் காணும். நல்ல விசயம், கொஞ்சம் பாருங்கோ எண்டு. அவ்வளவுதானே."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஞானம் எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் வரும். "பிள்ளை, உன்ர மாமியின்ர வேலை இதில கிடக்கு," என்று சொன்னேன். ஆரணி சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கெல்லாம் எங்கள் வீட்டில் வந்து நின்றவள், வாசுகிமேல் உயிர். அவள் டெனிஷில் தகப்பனிடம் ஏதோ சொன்னாள். அவன் மொழிபெயர்க்கவில்லை. பிறகு தமிழில், "சரி, கேட்டுப் பாக்கிறன்" என்றாள்.

ஆள் பிடிப்பது எங்களுடைய பழக்கம். பள்ளிக்கூட அனுமதியோ, ஆஸ்பத்திரியோ, பாஸ்போட்டோ, முதலில் விண்ணப்பத்தை நிரப்பமாட்டோம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்போம். உள்ளே ஆள் இருந்தும் பிடிக்காமல் விட்டால் அது அடக்கமில்லை, முட்டாள்தனம். இங்கிலாந்தில் இத்தனை வருடம் இருந்தும் இது எனக்குள்ளிருந்து போகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹெலனோடு, நாட்டின் மறுகரையில் இருக்கும் ஹோர்சன்ஸுக்குப் பயணம். அங்கே ஒரு குளிர்க்கிடங்கில் கிறீன்லாந்து இறால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடிதம் வந்தால் அந்தச் சரக்கை எடுப்பதாக ஹெலன் பேசி வைத்திருந்தாள். அதன் தரத்தை நான் பார்க்க வேண்டும். "நாட்டைத் தெரிஞ்சவன் ஒருத்தன் கூட வேணும்" என்று மச்சான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தான்.

ரயிலில் நல்ல அமைதியான பெட்டியாகப் பார்த்து உட்காரவைத்தான். உட்கார்ந்ததும் இக்காஸ்டில் இருக்கும் தன் கூட்டாளிக்கு ஃபோன் போட்டு, "ஓம், ஓம், இங்கிலாந்திலேருந்து மச்சான் வந்து நிக்கிறார், அரசாங்கத்தோட கதைக்க" என்று பெட்டி முழுவதற்கும் அறிவித்தான். எதிரே பின்னிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண் ஊசியால் சன்னலைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒட்டியிருந்த படத்துக்கு மொழி தேவையில்லை. கதைக்காத ஆட்களுக்கென்றே ஒதுக்கிய பெட்டி அது. மச்சான் ஃபோனை வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் நாங்கள் மூவரும் ஊமைகளாக, கடல் மேலே போகும் நீளப் பாலத்தையும், அதற்குப் பிறகு வந்த தட்டையான பச்சை வயல்களையும் பார்த்துக்கொண்டு போனோம். ஹெலனுக்கு மட்டும் அது பிடித்திருந்தது.

ஃபிரெடரிசியா என்ற இடத்தை நெருங்கும்போது அதே பெண் எழுந்து வந்து, தானே விதியை மீறி, மச்சானின் காதுக்குள் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. ரயில் அந்த நிலையத்தில் இரண்டாகப் பிரியும், முன்பாதிதான் ஹோர்சன்ஸ் போகும், நாங்கள் இருந்தது பின்பாதியில். மூன்று பேரும் பிளாட்பாரத்தில் ஓடிய ஓட்டத்தை வாசுகி பார்த்திருக்க வேண்டும். கோட்டு வேறு காற்றில் விரிந்து அடித்தது. நாட்டைத் தெரிந்தவன் கடைசியாகத்தான் வந்து ஏறினான்.

கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் நிறுத்தினார். "அண்ணை, தமிழோ?" ஹோர்சன்ஸில் இருபது வருடமாக இருக்கிறாராம். பெட்டியொன்றை உடைத்துக் காட்டினார். நான் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். ஒரே அளவு, ஒரே நிறம், ஓட்டுத் துண்டு மிகக் குறைவு. அருமையான இறால். எங்கள் பெல்ட்டில் அது ஓடுவதை நினைத்தே சந்தோசப்பட்டேன்.

"இது இஞ்ச கனநாள் கிடக்காது அண்ணை. நீங்கள் எடுக்காட்டி வேற ஆக்கள் எடுத்துக்கொண்டு போயிடுவினம்," என்றார் அவர்.

திரும்பும்போது மச்சான் எங்களைக் கதைக்கிற பெட்டியில் உட்காரவைத்தான். ஆனால் கதைக்க ஒருவருக்கும் தெம்பில்லை. எதிர்ப்பக்கம் இரண்டு கிழவர்கள் மழையைப்பற்றி நீளமாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "நாளைக்கும் மழையாம். ஆனா நாளைக்கு வாற மழை நல்லதாம்," என்றான் மச்சான். மழைக்குள் நல்லது கெட்டது பிரிக்கிற சனத்திடம் ஒரு கடிதம் வாங்குவது முடியாத காரியமில்லை என்று எனக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை ஆரணி வேலையிடத்திலிருந்து ஃபோன் எடுத்தாள். அவளுடைய மேலதிகாரி நீல்ஸ் எங்களைப் பதினொன்றரைக்குச் சாப்பாட்டுக்கு வரச்சொல்கிறாராம். பதினொன்றரைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டேன். மத்தியானச் சாப்பாடாம். எனக்குக் காலைத் தேத்தண்ணியே தொண்டையைத் தாண்டாத நேரம் அது.

நீல்ஸ் பனைமாதிரி உயரம். மழையில் சைக்கிளில் வந்து, கழுத்துப்பட்டி இல்லாமல், ஈரத் தலையோடு கைகொடுத்தார். அவரை நீல்ஸ் என்றே கூப்பிடலாமாம். வாசலில் ஆயுதத்தோடு ஒருவரும் இல்லை, அறைக்கு வெளியே உட்கார்ந்து காத்திருக்கும் வாங்கும் இல்லை. கன்டீனில் எங்களோடு வரிசையில் நின்று, தன் தட்டைத் தானே எடுத்து, கறுப்புப் பாண் ரொட்டியில் ஊறுகாய் போட்ட மீனை வைத்துக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார். நானும் அதையே எடுத்தேன். மீன் இனித்தது. மீன் இனிப்பதை நாக்கு ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

ஹெலன் விசயத்தைச் சொன்னாள். நீல்ஸ் கவனமாகக் கேட்டார். ஆரணி தலையைக் குனிந்து பாணை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"இது எங்களுடைய விசயம் இல்லை," என்றார் நீல்ஸ். "ஆனால் நியாயமான வேண்டுகோள்தான். நாங்கள் இதை நல்ல விதமாகப் பார்க்கிறோம் என்று இரண்டு வரி எழுதலாம். அதில் கெடுதி இல்லையே."

"பெரிய உதவி," என்று நான் ஹெலனை முந்திக்கொண்டு சொன்னேன்.

அவர் தன் தட்டைத் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நின்றபடியே ஃபோனில் அந்த இரண்டு வரியை நயாவுக்கு மின்னஞ்சலாக எழுதி அனுப்பினார். எங்கள் ஊர் அரசாங்கக் கச்சேரியில் இதே இரண்டு வரிக்கு நான்கு தடவை அலைந்து, ஐந்தாம் தடவை ஐயா வெளியில் போய்விட்டார் என்று கேட்டிருப்போம். இங்கே காப்பி ஆறுவதற்குள் காரியம் முடிந்தது. ஹெலன் வெளியே வந்ததும் என் தோளில் தட்டி, "உன் குடும்பத்தை நான் முதலிலேயே சம்பளத்துக்கு எடுத்திருக்க வேண்டும்" என்றாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று பின்னேரம் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. வாசுகிக்கு ஃபோன் எடுத்து, "அனேகமாச் சரி" என்றேன்.

"அனேகமா எண்டா?" என்று அவள் கேட்டாள்.

"உன்ர அண்ணனும் மருமகளும் பெரிய இடத்தில பிடிச்சிருக்கினம். நாளைக்குச் சந்திச்சிட்டுச் சொல்லுறன்."

"நான் பெல்ட்டில நிக்கிற பெட்டையளிட்டச் சொல்லட்டோ?"

"சொல்லு," என்றேன்.

வியாழக்கிழமை, கிழவர்கள் சொன்ன நல்ல மழையும் விட்டிருந்தது. கிறீன்லாந்து அலுவலகம் தண்ணீர்க் கரையில் ஒரு பழைய கட்டிடத்தில். நயாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான உருவம், அகன்ற முகம், சிரிக்காதபோதும் சிரிப்பதுபோல் கண். எனக்குக் கைகொடுத்தவர் உடனே விடவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளில் உப்புத்தண்ணியும் குளிரும் சேர்ந்து வெடித்த கோடுகள்.

"என் அம்மாவின் கை," என்றார் ஆங்கிலத்தில். "அவர் இறால் தொழிற்சாலையில் இருந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் போயிருக்கிறேன். எங்கள் ஊரில் வேறு வேலை இல்லை."

மேசையில் சாப்பாடு வைத்திருந்தார். வெள்ளைப் பாணில் அவித்த முட்டை, அதன்மேல் மலைபோல இறால், ஒரு துண்டு எலுமிச்சை. எங்கே போனாலும் இறால் என்னை விடுவதில்லை. ஆனால் இது கிறீன்லாந்திலிருந்து வந்தது என்றார். மசாலா இல்லை, உறைப்பு இல்லை. இறால் இறாலாகவே ருசித்தது. இத்தனை வருடம் கையால் தொட்டதை அன்றுதான் வாயால் அறிந்தேன் என்று சொன்னேன். அவர் சத்தமாகச் சிரித்தார். ஹெலன் மேசைக்குக் கீழே என் காலை மெதுவாகத் தட்டினாள், நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

நான் பெல்ட்டைப்பற்றிச் சொன்னேன். வாசுகி அங்கே நிற்பதையும், மாத முடிவில் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். நயா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கணினியை எங்கள் பக்கம் திருப்பினார்.

திரையில் ஒரு கடிதம். கிறீன்லாந்து அரசாங்கத்தின் தலைப்பில், லண்டனுக்கு. உறையவைத்த, அவித்து உரித்த இறாலுக்கு வரியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி கேட்கிறோம் என்று இருந்தது. திகதி மட்டும் போடவில்லை.

"ஹெலன் எழுதியதையெல்லாம் வைத்து நான்தான் இதைத் தயாரித்தேன்," என்றார். "எங்கள் தலைநகரம் நூக்கில் இதைப் படித்துவிட்டார்கள். இன்றைக்கு உங்களைச் சந்தித்தபின் நாளைக்குக் கையெழுத்தாவதாக இருந்தது."

ஹெலன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நயா கையை உயர்த்தினார்.

"நேற்று மத்தியானம் இது வந்தது," என்று இன்னொன்றைத் திறந்தார். நீல்ஸின் இரண்டு வரிகள். "எனக்கும் வந்தது, நூக்குக்கும் போயிருக்கிறது. அவர் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார், அவரைக் குறை சொல்லமாட்டேன். நீங்கள் கேட்டதால் எழுதியதாகவும் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் மீனைப்பற்றி முடிவெடுக்கிற உரிமையை நாங்கள் டென்மார்க்கிடமிருந்து கேட்டு வாங்கியவர்கள். டென்மார்க் அமைச்சு எழுதிய அடுத்த நாள் எங்கள் கடிதம் போனால், அவர்கள் சொல்லி நாங்கள் எழுதியதாக ஆகிவிடும். இன்று காலை நூக்கிலிருந்து பதில் வந்தது. இப்போதைக்கு ஒருவரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள். இந்தக் கதை ஆறட்டும். இலையுதிர் காலத்தில் திரும்பவும் வாருங்கள். நேராக எங்களிடம் வாருங்கள்."

"இலையுதிர் காலத்தில் பெல்ட் இருக்காது," என்றாள் ஹெலன்.

"தெரியும்," என்றார் நயா. "எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது." உண்மையாகவே கவலையாகத்தான் இருந்தது அவர் முகம்.

ஹெலன் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணம் இல்லை, அமைச்சுக்கு அதிகாரம் இல்லை என்று எங்களுக்குத் தெரியாது, என்றெல்லாம். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. ஆரணி திங்கட்கிழமையே சொன்னவள்.

"யோசனை என்னுடையது," என்றேன். "ஹெலனுடையதில்லை. நான்தான் சொந்தக்காரப் பிள்ளையைப் பிடித்து அமைச்சுக்குப் போனேன்."

நயா என்னைப் பார்த்தார். "இங்கிலாந்துக்கு முதல் நீங்கள் எங்கே?"

"யாழ்ப்பாணம். இலங்கையின் வடக்கு."

"அங்கே மீன்பிடி யார் கையில்?"

அவர் குத்திக் கேட்கவில்லை. கதையை மாற்றத்தான் கேட்டிருப்பார். எனக்கு ஆனால் ஊர் நினைவு வந்தது. எங்கள் தெருக்காரர் தங்கள் வாசலில் கிடந்த கடலுக்குள் இறங்க ஆமியிடம் பாஸ் எடுத்தவர்கள். எந்தக் கரையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் என்று எல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் வேண்டுமென்றாலும் கொழும்பில் சொல்லிப் பார்ப்போம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் விசயத்தைக் கொழும்பு கதைக்க வேண்டாம், எங்களோடு கதையுங்கள் என்று கத்திக் கத்தித்தானே இத்தனை பேர் செத்தோம், மிச்சப்பேர் இப்படிச் சிதறினோம். அந்த நான் இன்னொரு சனத்தின் கடலைப்பற்றி அவர்களுடைய கொழும்பிடம் போய்ச் சிபாரிசு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். என் ஆங்கிலத்தில் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அவர் தலையாட்டினார். எழுந்து எனக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். அதற்குமேல் அந்த அறையில் ஒருவரும் இறாலைப்பற்றிக் கதைக்கவில்லை.

வெளியே வந்து படியில் நின்றோம். ஹெலன் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாத முடிவு மாத முடிவுதான், தவம். என்னால் இதற்குமேல் இழுக்க முடியாது," என்றாள். கண் சிவந்திருந்தது. அவளுடைய தகப்பன் தொடங்கிய தொழிற்சாலை அது. கொஞ்சம் தனியாக நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஆரணிக்கு முதலில் ஃபோன் எடுத்தேன். முழுவதையும் சொன்னேன். "நான் சொன்னனான்" என்று அந்தப் பிள்ளை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "மாமா, சொறி. நான் மாட்டன் எண்டிருக்க வேணும்," என்றாள். அவள் மன்னிப்புக் கேட்டது எனக்கு இன்னும் பெரிய அடியாக இருந்தது. நூக்கின் பதிலைக் கேள்விப்பட்ட நீல்ஸ் மத்தியானமே அவளைக் கூப்பிட்டுத் தன் பிழை என்று சொன்னாராம். பிழையை எல்லோரும் அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அதில் ஒரு கரண்டியும் என் கணக்கிலிருந்து குறையவில்லை.

பிறகு தண்ணீர்க் கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து வாசுகிக்கு எடுத்தேன். அவளுக்கு இடைவேளை நேரம். ஃபோன் இரண்டாவது தடவை அடித்ததுமே எடுத்துவிட்டாள். பின்னால் சாப்பாட்டு அறையின் இரைச்சல், மற்றப் பெண்களின் சிரிப்பு. அவர்களிடம் சொல்லச்சொல்லி நான்தானே சொன்னேன்.

"என்ன சொன்னவை?"

"கடிதம் தரமாட்டினம்."

"ஏன்? இறால் இல்லையாமோ?"

"இறால் வடிவான இறால். கடிதமும் எழுதி ஆயத்தமா வைச்சிருந்தவை, வாசுகி. நாளைக்குக் கையெழுத்து வைக்க இருந்தவை."

"பிறகு?"

சொன்னேன். மச்சானின் வீட்டில் தொடங்கி நீல்ஸின் இரண்டு வரி வரை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

"எங்கட அலுவலைக் கொழும்பிட்டக் கேட்ட மாதிரி," என்றாள் கடைசியில்.

"ஓம்."

"அப்ப அவை மாட்டம் எண்டது சரி."

"உன்ர வேலை போகுதே."

"போகுதுதான். எனக்கு வயிறு பத்தி எரியுது. ஆனா அவையின்ர இடத்தில நான் இருந்தாலும் கையெழுத்து வைச்சிருக்க மாட்டன்."

அவள் ஃபோனை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே மற்றப் பெண்களின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. ஆங்கிலத்தில், பெல்ட்டில் நின்று சத்தமாகச் சொல்கிற அதே குரலில், "கடிதம் வராது. அவர்களில் பிழையில்லை, பிழை என் புருசனில்" என்றாள். அந்த அறையில் அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றுபோனது.